குணமாதல்

நரம்பியல் அறுவைச் சிகிச்சை வார்டில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், தலைக்காயத்தோடு வந்தவர் கண் திறந்து, பெயரையும் ஊரையும் சரியாகச் சொல்லி, கை காலை அசைத்துவிட்டால் அவரை மீட்டுவிட்டோம் என்றே நம்பினேன். சுயநினைவின் நிலையை அளக்க 1974 முதல் புழங்கிவரும் கிளாஸ்கோ அளவுகோலும் கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையே பார்க்கிறது. முழு மதிப்பெண் 15.

அந்த நம்பிக்கையை மாற்றியவர், பைக்கிலிருந்து விழுந்து நெற்றிப்பகுதி மூளையில் அடிபட்டு வந்த ஒரு தையற்காரர். மூன்றாம் வாரம் அவருக்கு 15 போட்டேன். பழைய வாடிக்கையாளர்களின் சட்டை அளவைக்கூட அவர் மறந்திருக்கவில்லை. ஆனால், யாரையும் அதட்டிப் பேசியறியாதவர் என்று உறவினர் அனைவரும் சொன்ன அந்த மனிதர், கஞ்சி ஆறிவிட்டதென்று கிண்ணத்தை வீசினார். மகள் அழுதபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிஸ்சார்ஜுக்கு முந்தைய இரவு அவர் மனைவி என்னிடம் வந்து, "எல்லாம் ஞாபகம் இருக்கு சிஸ்டர். ஆனா இது எங்க வீட்டுக்காரர் இல்லீங்க" என்றார்.

1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில், ரயில்பாதைப் பணியின்போது இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்துச் சென்றும் உயிர் பிழைத்த பினியஸ் கேஜைப் பற்றி, அவர் பழைய கேஜ் இல்லை என்று நண்பர்கள் சொன்னதை மருத்துவர் ஹார்லோ 1868இல் எழுதிவைத்தார். அதைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதியவள் நான். அந்த அம்மாள் சொல்லிக் கேட்டபோதுதான் அதன் வலி எனக்கு விளங்கியது. நோய் நீங்குவதையும் ஒருவரின் இயல்பையும் 'குணம்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழியில் பிறந்திருந்தும், "குணமாயிட்டாரு" என்று எத்தனை குடும்பங்களிடம் பாதிப் பொருளில் சொல்லி அனுப்பியிருக்கிறேன்!

அதன்பிறகு, நோயாளி முன்பு எப்படிக் கோபப்படுவார், எதற்குச் சிரிப்பார் என்று வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன். இந்தச் சினம் காயத்தால் வருவது, அவருடைய வஞ்சமல்ல என்று சொல்லி அனுப்புகிறேன். கேஜ் பின்னாளில் சிலி நாட்டில் சில ஆண்டுகள் குதிரைக் கோச்சு ஓட்டிப் பிழைத்ததையும் விடாமல் சொல்கிறேன், ஏனென்றால் மாற்றம் அங்கேயே நின்றுவிடுவதில்லை.

எட்டு மாதம் கழித்து அந்தத் தையற்காரர் ஓ.பி.க்கு வந்தார். "கோபம் வந்து போன பிறகுதான் வந்ததே தெரியுது சிஸ்டர். அது நான் இல்லன்னு இவ சொல்றா. அப்ப அது யாரு?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் அதை மெதுவாக, பணிவாகக் கேட்டார்; மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.