மார்ச் நாட்குறிப்பு: அத்தானின் கார், பற்றரி, இன்ன பிற

மார்ச் 4, செவ்வாய்

சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம்ப் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. ஸ்டார்ட்டர் பக்கம் ஒரு ‘டிக்’. அவ்வளவுதான். அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “இந்த நேரத்தில் அதைப் போட்டு ஏன் தம்பி நோண்டுகிறாய்?” என்றாள். வேறு எதை நோண்டுவது?

மார்ச் 5, புதன்

ஆசனங்களுக்குப் பின்னால் இருக்கும் கம்பளத்தை உரித்து மூடியைத் திறந்தேன். 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற இந்த இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காருக்குப் பற்றரி முன்னால் இல்லை. எஞ்சின் பக்கம் தேடிக் களைத்த மெக்கானிக்குகளை அத்தான் பெயர் சொல்லி எண்ணுவார். பின்தரைக்குக் கீழே, புரொப்பெல்லர் தண்டின் இருபுறமும் இரண்டு இரும்புப் பெட்டிகள் தொங்குகின்றன. பெட்டிக்கு ஒன்றாக இரண்டு ஆறு வோல்ட் பற்றரிகள். தொடராக இணைத்தால் பன்னிரண்டு.

மல்ட்டிமீற்றர் வலதில் 6.24 காட்டியது. இடதில் 4.15. ஆறு வோல்ட் பற்றரிக்குள் மூன்று அறைகள், அறைக்கு 2.1 வோல்ட். ஆக இடதில் ஓர் அறை முழுதாகச் செத்துவிட்டது. தொடர் இணைப்பில் ஒன்று விழுந்தால் மற்றதற்கும் வேலை இல்லை.

எண்களை ஆஸ்பத்திரியில் இருக்கும் அத்தானுக்கு அனுப்பினேன். நொடியில் பதில்: “இடதுதானே? எனக்குத் தெரியும்.” அக்கா காலையில் “சாப்பிட்டீர்களா?” என்று அனுப்பியதற்கு மாலைவரை பதில் இல்லையாம்.

அவருடைய பரிசோதனை அறிக்கை வெள்ளிக்கிழமை.

மார்ச் 6, வியாழன்

பக்கத்து வீட்டுத் தம்பி கேபிள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அங்கிள், என் வாகன் ஆரிலிருந்து கொடுத்து ஸ்டார்ட் செய்துவிடலாம்.” நல்ல பிள்ளை. தொடாதே என்று கத்திவிட்டேன், பாவம், பயந்துபோனான்.

இந்தக் கார் பொசிட்டிவ் எர்த். நேர்முனைதான் உடம்போடு பூட்டப்பட்டிருக்கிறது. 1967இன் கடைசிவரை எம்.ஜி.பி. இப்படித்தான் வந்தது, பிறகுதான் மாற்றினார்கள். இன்று தெருவில் ஓடும் எல்லாக் காருக்கும் எதிர்முனை உடம்பில். கேபிள் போட்டிருக்கும்போது இரண்டு பம்பரும் உரசினாலே போதும், முழுச் சுற்றும் அதன் வழியாகப் பாயும். போன மாதம் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுவதும் இருண்டதே, எங்கள் ஒழுங்கையில் அதன் சிறிய பதிப்பு நடந்திருக்கும். அவனுக்கு இதை விளக்கித் தேநீரும் கொடுத்து அனுப்பினேன். பாதி புரிந்தது போலத் தலையாட்டினான்.

மார்ச் 7, வெள்ளி

வரவில்லை. திங்கள் என்கிறார்கள்.

மார்ச் 8, சனி

பஞ்சிகாவத்தை, கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தை. நோன்பு மாதம் என்பதால் மதியத்துக்குள் போய்விடு என்று அத்தான் சொல்லியிருந்தார். நானாவின் கடை வழக்கம்போல் வாசல்வரை பற்றரி அடுக்கு. நாக்கு வறண்ட குரலில், ஆனால் குறையாத உற்சாகத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

முதலில் ஆறு வோல்ட் கேட்டேன். சிரித்தார். “சேர், பழைய மோட்டார் சைக்கிளுக்கு வேண்டுமானால் கைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று இருக்கிறது.” கோல்ஃப் வண்டிக்குரிய ஆறு வோல்ட் பற்றரி வேறு, அது இரண்டு ஆள் தூக்கும் பாரம், பெட்டிக்குள் இறங்காது. இந்தக் காரின் அளவு உலகத்தில் இன்னும் செய்கிறார்கள், இங்கிலாந்தில் வாங்கலாம். ஆனால் அமிலப் பற்றரி ஆபத்தான சரக்கு. விமானத்தில் வர ஆயிரம் நிபந்தனை, கப்பலில் வர எத்தனை மாதமோ.

அடுத்து, பெருமையாக ஒரு ஸ்டிக்கரைக் காட்டினார்: குளிர்நிலைத் தொடக்க மின்னோட்டம் இத்தனை நூறு ஆம்பியர். இந்த எண்ணைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அது பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை குளிரில், முப்பது விநாடிகள், 7.2 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் தரக்கூடிய ஓட்டம். கொழும்பில் விடியற்காலையிலேயே 25 பாகை. நுவரெலியாவில் உறைபனி விழுந்தாலும் அந்தக் கணக்குக்குக் கிட்டவும் வராது. நமக்குப் பற்றரியைக் கொல்வது வெப்பம். பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதி என்பது பற்றரிக்காரர்களின் பழைய கணக்கு. அதை யாரும் ஸ்டிக்கரில் போடுவதில்லை.

ஏ.ஜி.எம். இருக்கிறது, அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சவைத்து மூடிய வகை, ஜப்பான் ஹைப்ரிட் கார்களிலிருந்து கழற்றியது. சிந்தாது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஊற்றவும் முடியாது, அதுதான் எனக்குப் பயம். ஐம்பது அறுபது வருடப் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி ஒருநாள் கூடுதலாகச் சார்ஜ் செய்துவிட்டால் சாதாரணப் பற்றரியில் தண்ணீர் குறையும், நிரப்பிவிடலாம். ஏ.ஜி.எம்.மில் குறைந்தது குறைந்ததுதான். லித்தியம் வேண்டவே வேண்டாம். அது சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் காட்டும். பற்றரியைச் சார்ஜ் செய்யும் எங்கள் டைனமோ அதோடு சேரும் புள்ளியே ஏறக்குறைய அந்த இடம்தான். சார்ஜ் இல்லை என்று காட்டும் சிவப்பு விளக்குக்குத் தலைசுற்றிவிடும்.

மிஞ்சியது என்.எஸ். 40 என்ற ஜப்பான் அளவுச் சாதாரண ஈய அமிலப் பற்றரி. 12 வோல்ட், 35 ஆம்பியர் மணி. இரத்மலானைத் தொழிற்சாலையில் செய்வது. அதே தொழிற்சாலை லூக்கஸ் பெயரிலும் பற்றரி போடுகிறது. காரின் டைனமோ, ஸ்டார்ட்டர், விளக்கு எல்லாவற்றிலும் அதே பெயர்தான் இருக்கிறது, அத்தான் மகிழ்வார்.

வாங்கவில்லை. அவரைக் கேட்காமல் எப்படி?

மார்ச் 9, ஞாயிறு

பார்வையாளர் நேரம் முழுவதும் பற்றரிதான். அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டு மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்தபடி இருந்தாள்.

அத்தானுக்கு இரண்டு ஆறு வோல்ட்தான் வேண்டும். “மூடியைத் திறந்தால் இரண்டு பெட்டியிலும் பற்றரி இருக்கவேண்டும், மச்சான்.” யார் திறக்கப்போகிறார்கள்? கேட்டேன். “நான்.” அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சரி, 12 வோல்ட் சிறியதாக இரண்டு, பெட்டிக்கு ஒன்று, இணையாகக் கட்டுவோம் என்று அவரே இறங்கிவந்தார். அதையும் மறுத்தேன். இணையாகக் கட்டினால் இரண்டும் ஒரே நாள் பிறந்து ஒரே நாள் கிழடாகவேண்டும். ஒன்று தளர்ந்தால் மற்றது இரவெல்லாம் அதற்குள் வடிந்துகொண்டே இருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபமா, மருந்தா தெரியவில்லை. கொஞ்சம் கழித்து மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் இதே காரை ஓட்டிய கதையைத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் வளைவுகள் கூடுகின்றன.

இந்தக் காரின் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ. 1958இல் அந்த எழுத்தோடு பஸ்கள் யாழ்ப்பாணம் வந்தபோது அதன் மேல் பூசி அழிக்கத் தார் வாளி தூக்கியவர்களில் அத்தானின் தகப்பனும் ஒருவர். மகன் அந்தத் தகட்டுக்குப் பொலிஷ் போடுகிறார். இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டார்களா என்று ஒருநாள் கேட்கவேண்டும்.

மார்ச் 10, திங்கள்

திங்களும் போயிற்று.

மார்ச் 11, செவ்வாய்

தூக்கம் இல்லை. பட்டறைக் கைநூலை எடுத்துவைத்துக்கொண்டேன். அத்தானின் கிரீஸ் விரல் படாத பக்கமே இல்லை.

பற்றரிப் பகுதியில் அமிலத்தின் அடர்த்திக்கு இரண்டு அட்டவணைகள் தந்திருக்கிறார்கள். 27 பாகைக்குக் கீழ்ப்பட்ட நாடுகளுக்கு முழுச் சார்ஜில் 1.270 முதல் 1.290. அதற்கு மேல் அடிக்கடி போகும் நாடுகளுக்கு 1.210 முதல் 1.230. எங்கள் வெள்ளவத்தைக்கு இரண்டாவது. வெப்ப நாட்டில் காரமான அமிலம் தகட்டை அரித்துத் தின்றுவிடும், அதனால் மென்மையாக ஊற்று என்கிறார்கள். அபிங்டனில் உட்கார்ந்து கார் பூட்டியவர்களுக்கு நம் வெயில் நினைவிருந்திருக்கிறது. இன்றைக்கு விற்கிற, அமில அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீற்றர் மிதவையில் பச்சை, மஞ்சள், சிவப்பு பூசியவர்களுக்கு இல்லை. அதில் 1.220 சிவப்புக்குப் பக்கத்தில் நிற்கும். நல்ல பற்றரியைச் செத்ததென்று தூக்கி எறிந்தவர்கள் எத்தனை பேரோ.

இன்னொன்று டைனமோ. உச்சத்தில் 22 ஆம்பியர், அதுவும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால். பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பில் நின்றால் ஏறக்குறைய ஒன்றுமே வராது, டாஷ்போர்டில் விளக்கு கண்விழிக்கும். இரவில் முன்விளக்கு, இக்னிஷன், பம்ப் எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு பதின்மூன்று ஆம்பியர் பற்றரியிலிருந்துதான் போகவேண்டும். பழைய ஜோடி ஐம்பது சொச்சம் ஆம்பியர் மணி. 35 போதுமா? காலி வீதியில் கோட்டைவரை ஊர்ந்தாலும் ஒரு மணி நேரம், அதில் பாதியாவது ஓடும். போதும். இரவுக்கு எடுக்காவிட்டால் தாராளமாகப் போதும். உண்மையில் இந்தக் கார் ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்டதுதான் அதிகம். 12.4க்குக் கீழே விழவிட்டு மாதக்கணக்கில் வைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். ஆகவே பற்றரியோடு சேர்த்து ஒரு சிறிய பராமரிப்புச் சார்ஜரும்.

மூன்றரை மணிக்கு அக்காவின் அறையிலும் விளக்கு.

மார்ச் 12, புதன்

“நாளை மறுநாள் நிச்சயம்” என்றார் தாதி. நிச்சயம் என்று அவராகவே சேர்த்துக்கொண்டார், நாங்கள் கேட்கவில்லை.

மார்ச் 13, வியாழன், போயா

பௌர்ணமி விடுமுறை, கடைகள் பூட்டு. பழைய இரண்டையும் தூக்கி வெளியே வைத்துவிட்டுப் பெட்டிகளைச் சுத்தம் செய்தேன். அப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அமிலம் நுரைத்து அடங்குகிறது. அதன் கீழே துரு. கடல் இங்கிருந்து தண்டவாளத்துக்கு அப்பால்தான். உப்புக் காற்று தன் பங்கை எடுத்திருக்கிறது. இடது பெட்டியின் அடித்தட்டு ஸ்க்ரூடிரைவருக்கு இளகுகிறது, வலது நன்றாக இருக்கிறது. ஆகவே வலதில் பற்றரி. இடது காலியாக இருக்கட்டும்.

அட்டை வெட்டி அளவு பார்த்தேன். என்.எஸ். 60 நீளம் 238 மில்லிமீற்றர், வாயில் தட்டுகிறது. என்.எஸ். 40இன் நீளமான வகை 197, அகலம் 129, இலகுவாக இறங்கும், பக்கத்தில் மரத்துண்டு வைத்து இறுக்கவேண்டும். சிக்கல் உயரம்: முனையோடு 227. மூடி இரும்பு, உடம்போடு ஒட்டியது. இந்தக் காரில் உயிருள்ள முனை எதிர்முனை. அது மூடியில் தொட்டால் முழு மின்சாரமும் தட்டின் வழியே. விரல் நுழையாத இடைவெளிதான் மிஞ்சுகிறது. பழைய ரயர் டியூப்பை வெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினேன். ஒட்டிவிட்டு மீண்டும் அளந்தேன். மீண்டும்.

வீதியில் வெள்ளை உடுத்த பிள்ளைகள் பன்சலைக்குப் போனார்கள். நல்ல வெயில்.

மார்ச் 14, வெள்ளி

வந்தது. அக்கா வாசித்தாள், மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். டாக்டர் ஆங்கிலத்தில் நிறையச் சொன்னார்.

அத்தான்: “அப்போது ஒரே ஒரு பன்னிரண்டா? சரி. ஆனால் எர்த்தை மாற்றக்கூடாது, மச்சான். நேர்முனைதான் நிலத்துக்கு.”

மாற்றமாட்டேன் என்றேன்.

மார்ச் 15, சனி

வாங்கியாயிற்று. நானா என் முன்னாலேயே அமிலம் ஊற்றினார், மிதவை 1.240. கொஞ்சம் ஊறவிட்டுச் சார்ஜில் போட்டார். பழைய இரண்டையும் ஈய விலைக்குத் தராசில் வைத்துக் கழித்துக்கொண்டார். இடது பற்றரியைத் தராசிலிருந்து இறக்கும்போது ஏனோ தடுக்கப் பார்த்தேன்.

இந்த ஜப்பான் வகைக்கு முனைகள் ஒல்லி. நம் கேபிளின் தொப்பி மூடிக்குள் பல்லாடும். ஈயத்தால் செய்த உறை விற்கிறார்கள், அதை மாட்டி இறுக்கினேன். இரண்டு பெட்டிக்கும் நடுவே போன இணைப்புக் கேபிளைக் கழற்றிப் பழைய துணியில் சுற்றி வைத்தேன், அத்தான் கேட்பார்.

நேர்முனை நிலத்துக்கு. கடைசியாக எதிர்முனை. மூடி. தொடவில்லை.

பம்ப் வேகமாகத் தட்டிப் பிறகு நிதானித்தது. இரண்டாம் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒழுங்கை முழுவதும் புகை. பக்கத்து வீட்டுத் தம்பி மதிலுக்கு மேலாகக் கை தட்டினான். மெரைன் டிரைவில் தெஹிவளைவரை ஓட்டினேன், விளக்கு அணைந்தே இருந்தது. அக்காவும் வந்தாள். அழைக்கவில்லை, தானாக ஏறி உட்கார்ந்தாள். போகும்போது ஒன்றும் பேசவில்லை, வரும்போது சைவக் கடையில் நிறுத்தச் சொல்லித் தோசை வாங்கினாள்.

மார்ச் 16, ஞாயிறு

இரவு முழுவதும் நின்றபின் 12.66. அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

மார்ச் 18, செவ்வாய்

சனிக்கிழமை வீட்டுக்கு விடுகிறார்கள், அடுத்த கட்டம் தொடங்கும்வரை. எம்.ஜி.யில்தான் வருவாராம். அந்த ஆசனம் தரையிலிருந்து ஒரு சாண்; நானே கதவைப் பிடித்துத்தான் எழுகிறேன். அக்கா வாடகைக் கார் பிடித்துவிட்டாள். இதை யார் அவரிடம் சொல்வது என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை.

12.64.

மார்ச் 19, புதன்

மாலை இடியோடு மழை. துணிக் கூரையின் பின் தையலில் ஒழுக்கு, தண்ணீர் நேராகக் கம்பளத்துக்கு, அதன் கீழே பற்றரி மூடி. பொலித்தீன் போட்டிருக்கிறேன். தையல்காரர் நாளை காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னார், அதற்கு முன் கம்பளத்தை எடுத்துவிடவேண்டும்.