முன்னால் ஓடும் பெட்டிக்கு ஈயக்குண்டு

திருகோணமலை ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்துவிடும். இரவு மெயில் வந்து நின்றால் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதையால் சுற்றிக்கொண்டுபோய் மறுமுனையில் கொழுவுவார்கள். சின்ன வயதில் அதைப் பார்க்கவே ஓடுவேன். ஆனால் மேசையில் ஓடும் என் மொடல் ரயிலில் அதே வேலைதான் தலையிடி. உண்மை ரயிலின் 87இல் ஒரு பங்கு அளவில் கொழுக்கி கைக்கே அகப்படாது.

சரி, எஞ்சின் ஒரே முனையில் நிற்கட்டும், மறுமுனைக்கு மோட்டார் இல்லாத ட்ரைவர் பெட்டி ஒன்று செய்வோம் என்று தொடங்கினேன். உண்மை ரயிலில் எஞ்சின் பின்னால் நின்று தள்ளும்போது ட்ரைவர் முன்பெட்டியில் இருப்பார். அவர் கைபிடியை நகர்த்தினால் கட்டளை பெட்டிகளூடாக வரும் கேபிள் வழியே எஞ்சினுக்குப் போகும். என் பாதையில் அதெல்லாம் தேவையில்லை. மின்சாரத்தின் திசையை மாற்றினால் மோட்டாரும் திரும்பிச் சுற்றும். அதை வைத்தே விளக்கும் போட்டேன். ஒரு வெள்ளை எல்இடி, ஒரு சிவப்பு எல்இடி, இரண்டையும் எதிரெதிராகக் கட்டி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. முன்னால் போனால் வெள்ளை, பின்னால் இழுபட்டால் சிவப்பு. அரை மணித்தியால வேலை.

பிரச்சினை தள்ளும்போதுதான் வந்தது. இழுக்கும்போது ஒழுங்காக ஓடிய நாலு பெட்டியும், தள்ளியதும் 18 அங்குல ஆரை வளைவில் தண்டவாளத்தின் மேலே ஏறின. ட்ரைவர் பெட்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. பத்துத் தரம் ஓட்டினால் ஏழு தரம் கவிழ்வு. தண்டவாளத்தைக் குறை சொல்லி இரண்டு மாலை வீணாக்கினேன். பிறகுதான் பெட்டியைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 80 கிராம். இந்த அளவு மொடல்களுக்கு அமெரிக்க மொடல் ரயில் சங்கம் சொல்லும் கணக்கு, 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். என் 8 அங்குலப் பெட்டிக்கு 5 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 142 கிராம்.

பாரம் குறைந்த பெட்டி முன்னால் ஓடும் இதே வியாதி பெரிய ரயிலுக்கும் உண்டு. 1984 ஜூலை 30இல் ஸ்கொட்லாந்தின் பொல்மொன்ட் அருகே, எஞ்சின் பின்னால் தள்ள, ட்ரைவர் பெட்டி முன்னால் ஓடிய ரயில் ஒரு மாட்டில் மோதித் தடம் புரண்டு 13 பேர் இறந்தார்கள். அதன்பின் அந்தப் பெட்டிகளின் முன்னால், பாதையில் கிடப்பதை ஒதுக்கிவிடும் தடை தள்ளிகள் பூட்டினார்கள். நம் திருகோணமலைப் பாதையில் மாடு என்ன, கல்ஓயாப் பக்கம் யானையே நிற்கும்.

ஈயம் தேடித் திருக்கடலூரில் வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணையிடம் போனேன்.

“என்ன தம்பி, கோச்சிக்கு வலை வீசப்போறியோ?” என்று சிரித்தபடி ஒரு பிடி ஈயக்குண்டு தந்தார்.

தட்டிச் சப்பையாக்கி, பாதிக்கு மேல் முன் போகிக்கு, அதாவது முன்சக்கரங்களைத் தாங்கும் சட்டத்துக்கு, நேர்மேலே ஒட்டினேன். இப்போது 145 கிராம். நேற்று இருபது தரம் தள்ளிப் பார்த்தேன், கவிழ்ந்தது ஒரு தரம். அதுவும் பூனை குறுக்கே படுத்ததால்.