ஆசேரின் மகளும் எங்கள் வேதபாட ஐயாவும்

எங்கள் காலத்தில் கல்லூரியில் வேதபாடம் எடுத்த ஐயாவுக்கு ஒரு பழக்கம். ஆபிரகாம், தாவீது கதையெல்லாம் ஞாயிறு பாடசாலையிலேயே கேட்டிருப்பீர்கள் என்று விட்டுவிடுவார். நாங்கள் பக்கத்தைப் புரட்டித் தப்பப் பார்க்கிற வம்ச அட்டவணைகளில்தான் பிடித்துக்கொள்வார். "ஆரடா இந்தப் பிள்ளை? ஏன் இவளின்ரை பேரை மட்டும் எழுதி வைச்சவங்கள்?" என்று வெண்கட்டியால் மேசையில் தட்டுவார்.

அப்படி அவர் கேட்டவர்களில் ஒருத்தி சேரா. யாக்கோபின் குடும்பம் எகிப்துக்குப் போன கதையில், ஆதியாகமம் 46இல், யாக்கோபின் மகன் ஆசேரின் மகள் என்று அவளுக்கு ஒரு வரி. பேத்திகளில் பெயர் சொல்லப்பட்டவள் அவள் மட்டும்தான். தலைமுறைகள் கழிந்து, எகிப்தைவிட்டு வெளியேறியவர்களை எண்ணும் எண்ணாகமம் 26இலும் அவள் பெயர் நிற்கிறது. எப்படி என்று வேதம் சொல்லவில்லை. பரீட்சைக்கும் வராது.

கனடாவுக்கு வந்தபின் யூத மித்ராஷ் நூல்களின், அதாவது வேதத்துக்கு விளக்கமும் கதையும் சொல்லும் பழைய நூல்களின், மொழிபெயர்ப்புகள் கையில் கிடைத்தன. ஐயாவின் கேள்வியை ரபிமார் என்கிற யூத மதகுருமார் எப்போதோ கேட்டு, துணிச்சலாக விடையும் சொல்லியிருந்தார்கள்: அவள் சாகவேயில்லை! யூதச் சட்டமும் கதையும் சேர்ந்த பெருநூலான தல்மூத்தில், எகிப்தைவிட்டு வெளியேறும்போது கொண்டுபோக மோசே யாக்கோபின் மகன் யோசேப்பின் எலும்புகளைத் தேடுகிறார். அந்தத் தலைமுறையில் எஞ்சியிருந்த சேராவிடம்தான் போய்க் கேட்கிறார். எகிப்தியர் உலோகப் பெட்டியில் வைத்து நைல் நதியில் இறக்கினார்கள் என்கிறாள் அவள். மோசே கரையில் நின்று யோசேப்பைக் கூப்பிட, பெட்டி மிதந்து வருகிறது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. மூன்றாம் நூற்றாண்டில் கலிலேயாவில் வாழ்ந்த ரபி யோகனான், செங்கடல் பிளந்தபோது தண்ணீர்ச் சுவர் எப்படி நின்றது என்று மாணவருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். சேரா உள்ளே எட்டிப் பார்த்து, "நான் அங்கே நின்றேன், அது வெளிச்சம் வீசும் சாளரங்கள்போல இருந்தது" என்கிறாள். படித்த ரபிமாரே தங்கள் ஆசிரியரைத் திருத்த ஒரு கிழவியை அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

யோசேப்பின் மனைவி ஆஸ்நாத்துக்குக் கிடைத்தது முழு நாவல். எகிப்தின் ஓன் பட்டணத்தில் அந்நியத் தெய்வத்துக்குப் பூசை செய்தவரின் மகளை யோசேப்பு எப்படிக் கட்டினார் என்ற சங்கடம் கதாசிரியருக்கு இருந்திருக்க வேண்டும். அந்தக் கிரேக்கக் கதையில் அவள் விக்கிரகங்களை உடைத்துச் சன்னலால் எறிகிறாள், தன் விருந்துணவை நாய்களுக்குப் போடுகிறாள், சாம்பலில் ஏழு நாள் கிடக்கிறாள். பிறகு தேவதூதன், தேன்கூடு, தேனீக்கள். அழகான எழுத்துத்தான், ஆனால் பக்தி கொஞ்சம் கூடிவிட்டது. ரபிமாரில் சிலர் சுருக்கமாக முடித்தார்கள்: அவள் யாக்கோபின் மகள் தீனாளின் மகளாம், எகிப்தில் தத்துப் போனவளாம். சொந்தத்துக்குள்ளேயே கலியாணம், பிரச்சினை தீர்ந்தது!

சேராவுக்கு வருவோம். உயிரோடு பரதீசுக்குள் போனவர்களில் ஒருத்தி என்று ஒரு பழைய நூல் அவளைச் சேர்க்கிறது. ஈரானில், இஸ்பகானுக்கு அருகே பீர் பக்ரானில், அவளுடைய கல்லறை என்று யூதர்கள் யாத்திரை போகிற இடமும் இருக்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அவர்கள் மண்டையைப் போட்டு உடைத்ததாகத் தெரியவில்லை.