சின்னப் பாலத்தில் சொன்ன ‘ஓம்’

“தம்பி, இது எங்கட கங்கைத் தண்ணி தானே?”

“ஓம் அம்மா.”

நடந்தது இவ்வளவுதான். இலங்கை மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளியில், காலை ஆறே முக்கால் இருக்கும். இந்த இரண்டு வரியையும் எத்தனையோ தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். சில நாள் அந்த ‘ஓம்’ சரியாகத்தான் படுகிறது. சில நாள், சவாரி முடித்து இரவில் கந்தளாய் ரோட்டில் தனியே வான் ஓட்டி வரும்போது, அது பொய் என்று நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அது மகாவலித் தண்ணீர் இல்லை. அந்தப் பாலத்தின் கீழே ஓடுவது பெலிஹுல் ஓயா. பேக்கர் நீர்வீழ்ச்சியில் விழுந்து, மலையை விட்டுத் தெற்கே இறங்கி, வளவை கங்கையோடு சேர்ந்து, உடவளவையைத் தாண்டி, அம்பலாந்தோட்டைப் பக்கம் கடலுக்குப் போகிறது. எங்கள் கங்கையான மகாவலி கடலில் விழுகிற கொட்டியாரக்குடா இருப்பது வடகிழக்கில், திருகோணமலைப் பக்கம். எனக்கு இது தெரியாமல் இல்லை. அந்த அம்மா கேட்ட அந்த நிமிடத்திலும் தெரியும்.

ஆசையை மூட்டிவிட்டதும் நான்தான். முதல்நாள் பின்னேரம் இறம்பொடை வளைவுகளில் ஏறும்போது கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரிந்தது. திருகோணமலைச் சனம் வானில் இருந்தால் அந்த இடத்தில் நான் எப்போதும் சொல்கிற ஒரு கதை உண்டு. “நாளைக்குப் போகப்போற மலையில மூண்டு ஆறுகளுக்குத் தண்ணி ஊறுது. களனி, வளவை, மகாவலி. அதில மகாவலிதான் 335 கிலோமீற்றர் ஓடி எங்கட கொட்டியாரக்குடாவில வந்து விழுது. நாங்கள் கடைசியில இருக்கிற ஆக்கள், நாளைக்கு அதின்ர தொடக்கத்தைப் பாக்கப் போறம்.” இதைச் சொன்னால் எல்லோருக்கும் முகம் மலரும். எனக்கும்தான்.

மாத்தளையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்த அம்மா பின் இருக்கையிலிருந்து கேட்டார்: “அப்ப வெருகல் ஆறும்?”

“ஓம் அம்மா. வெருகல் ஆறும் மகாவலியின்ர கிளைதான்.”

அந்த ‘ஓம்’ உண்மை. அதற்குப் பிறகுதான் அவர் வாய் திறந்தார். பிறந்தது வெருகல். பாலம் வருவதற்கு முன்னம் அவருடைய கணவர் அந்த ஆற்றில் பாதை என்கிற மிதவைப் படகை இழுத்தவர். பஸ்ஸும் சனமும் பாதையில் ஏறிக் கரை மாறிய காலம். சித்திரவேலாயுதர் கோயில் திருவிழா நாட்களில் இரவு பகல் என்று பாராமல் இழுப்பாராம். கடைசியில் அவரைக் கரைத்ததும் அந்த ஆற்றில்தான். கனடாவிலிருந்து வந்திருந்த மகள் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகன் பாட்டை நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தினேன்.

அடுத்த நாள் விடிய நாலரைக்கு நுவரெலியாவில் எல்லோரும் வெளிக்கிட்டபோது அம்மா பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததைக் கண்டேன். தேத்தண்ணி ஊற்றவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பட்டிப்பொல வரும் வழியிலேயே ஆறுதலாக விளங்கப்படுத்தியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். நுழைவாயிலில் வழக்கம்போலப் பைகளைத் திறந்து பார்த்து, பிஸ்கட்டுகளின் பொலித்தீன் உறைகளைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மரைகள் அதைத் தின்று செத்துப்போவதால் அந்தக் கட்டுப்பாடு. வெறும் பிளாஸ்க்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அம்மாவும் முழங்கால் வருத்தம் உள்ள மருமகனும் பார்வையாளர் நிலையமான ஃபார் இன்னில் இருப்பது, மகளையும் இரண்டு பிள்ளைகளையும் நான் கூட்டிக்கொண்டு ஒன்பது கிலோமீற்றர் சுற்று வருவது என்றுதான் ஏற்பாடு. அம்மா மட்டும், “அந்தப் பாலம் வரைக்கும் வாறன் தம்பி, பிறகு திரும்பிடுவன்” என்றார். மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்திருந்தது. அம்மா சால்வையால் தலையை மூடியிருந்தார். பாலத்தடியில் நின்று தண்ணீரைப் பார்த்தார். கொஞ்சம் மண்ணிறமாய், சத்தமில்லாமல் ஓடுகிற தண்ணீர். அப்போதுதான் அந்தக் கேள்வி.

கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஐந்தாறு விநாடி இருந்திருக்கும். அந்த விநாடிகளைத்தான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். சொல்வதற்கு என்னிடம் வார்த்தை இருந்தது. “இல்லை அம்மா, இது வளவைக்குப் போற தண்ணி. எங்கட தண்ணி அங்கால் சரிவால, ஆக்ரா ஓயா வழியா, கொத்மலைக்கு இறங்குது.” சொல்ல அரை நிமிடம் ஆகாது. ஆனால் அதற்குப் பிறகு? அந்தப் பிளாஸ்க்கை அவர் என்ன செய்வார்? அங்கால் சரிவுக்கு அவரைக் கூட்டிப் போக அந்தப் பாதையில் வழி இல்லை. எழுபத்தைந்து வயது தாண்டியவர். இன்னொரு முறை இந்த மலைக்கு வருவார் என்று யார் சொல்ல முடியும்?

பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டார்கள், மகள் “அண்ணா, நேரமாகுது” என்று கூப்பிட்டார் என்பதும் உண்மை. ஒன்பது, பத்து மணிக்குள் முகில் ஏறி, உலக முடிவு என்கிற மலை விளிம்பை மூடிவிடும். பிந்தினால் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும், காசு கொடுத்து வந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் இதைக் காரணம் என்று எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அரை நிமிடத்தில் முகில் ஏறிவிடாது.

அம்மா மெல்லக் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். “முருகா” என்றார். பிறகு பிளாஸ்க்கைப் பிடித்தார். மருமகன் தோளைத் தாங்கிக்கொண்டு நின்றார். பூங்காவுக்குள் ஒரு பூக்கூடப் பறிக்கக்கூடாது, எதையும் எடுத்துப் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் முன்புதான் நானே சொல்லியிருந்தேன். அந்தப் பெரிய பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அதையும் கண்டும் காணாதவன் போல இருந்துவிட்டேன்.

உலக முடிவுக்கு எட்டரை மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்தோம். நல்ல தெளிவு. சுமார் 870 மீற்றர் நேர்ச்செங்குத்தாய் இறங்குகிற இடம், என்னதான் பழகினாலும் விளிம்புக்குப் போகும்போது கால் கூசும். 2015 இல் ஒரு வெளிநாட்டுப் பயணி படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து தவறி விழுந்து, மரமொன்றில் தங்கி உயிர் தப்பினார். பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டுதான் காட்டினேன். கீழே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் குடியிருக்கிற லயன்கள், அதற்கப்பால் நீலமாய்ப் படிந்துகொண்டே போகிற தெற்கு. மகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் விரிந்து கிடந்தது அம்மாவின் பிளாஸ்க்கில் இருந்த தண்ணீர் போய்ச் சேருகிற நாடு. வெருகல் எனக்கு முதுகுப் பக்கம் இருந்தது.

திரும்பி வரும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சியடியில் பெரிய பிள்ளை கேட்டாள்: “அங்கிள், அம்மம்மா எடுத்த அதே தண்ணியா இது?”

“ஓம், அதே ஓடைதான்.”

“அப்ப இதுவும் திருகோணமலைக்குப் போகுமா?”

நான், “கவனம், கல்லு வழுக்கும்” என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. நான் பதில் சொல்லவில்லை என்பது அவளுக்கு விளங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையில் என்னை உறுத்துவது அதுதான். அதற்கு முந்தைய வருடம் ஒரு ஜெர்மன் தம்பதியை அதே இடத்துக்குக் கூட்டிப் போனேன். இது 1969 இல் தேசியப் பூங்கா ஆனது என்று சொல்லிவிட்டேன். இரவு அறைக்குப் போய்க் குறிப்பைப் பார்த்தால், 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகத்தான் ஆக்கினார்கள், தேசியப் பூங்காவானது 1988 இல். அடுத்த நாள் காலைச் சாப்பாட்டு மேசைக்கே போய், நேற்றுச் சொன்னது பிழை என்று திருத்தினேன். அவர்கள் சந்தோசப்பட்டுக் கை கொடுத்தார்கள். வழிகாட்டிப் பயிற்சியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல், பிழைத்தால் திருத்து.

ஒரு வருடத்தை மாற்றிச் சொன்னதற்கு வெள்ளைக்காரரைத் தேடிப் போய்த் திருத்திய நான், என் ஊர் அம்மா தன் கணவரை நினைத்துக் கேட்ட கேள்விக்கு ஏன் அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை? அவர்கள் உண்மையைத் தாங்குவார்கள், இவர் தாங்கமாட்டார் என்று யார் எனக்குச் சொன்னது? பாதை இழுத்தவரின் மனைவி. சண்டைக் காலத்தில் வெருகலை விட்டு எழும்பி, திரும்பி வந்து, பிறகும் எழும்பினவர். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொன்னால் உடைந்துபோகிற ஆளா அவர்?

இப்படி யோசிக்கும்போது என்மேலேயே கோபம் வருகிறது. அப்புறம் அந்த முகம் ஞாபகம் வரும். தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தபோது இருந்த முகம். அப்போது, இல்லை, சொல்லாமல் விட்டது நல்லது என்றே தோன்றும்.

கூடத் தொழில் செய்கிற ஒருவரிடம் சொன்னேன். அவர் என்னைவிட வயதில் மூத்தவர். “கோயிலில தீர்த்தம் தந்தா, எந்தக் கிணத்துத் தண்ணி எண்டு கேக்கிறமா? மனுசி நம்பி எடுத்தா அது கங்கைதான்” என்றார். கேட்க இதமாக இருந்தது. ஆனால் தீர்த்தத்தைப் பற்றி யாரும் ஐயரிடம் கேட்பதில்லை. அம்மா என்னிடம் கேட்டார்.

நானும் என் பங்குக்கு ஒரு நியாயம் தேடி வைத்திருக்கிறேன். 1976 இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்துச் சுரங்கம் வழியே ஒரு பங்கை வடக்கே திருப்பினார்கள். அது சுது கங்கை, அம்பன் கங்கை, எலஹெர, மின்னேரியா என்று வாய்க்காலும் குளமுமாய் வந்து கந்தளாய்க் குளத்தில் சேர்கிறது. கந்தளாய்க் குளத்திலிருந்துதான் திருகோணமலை நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர். அப்படியென்றால் மலைத் தண்ணீர் அந்த அம்மாவின் வீட்டுக் குசினிக்கு நாளும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவர் பிளாஸ்க்கில் அள்ளியது எதுவாயிருந்தாலும், மகாவலி அவரை விட்டுப் போகவில்லை. இதை யோசித்த அன்று எனக்குப் பெரிய ஆறுதல். பிறகுதான் உறைத்தது: இதையே பாலத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாமே. பொய்யும் இல்லை, கையை விரித்ததாகவும் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அது ஓடவில்லை.

திருத்துவதற்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தது. பின்னேரம் ஐந்து மணி போலப் பேராதனைப் பாலத்தில் ஏறினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கீழே சாட்சாத் மகாவலி, கலங்கி, கரை முட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஓரமாக நிறுத்தி, “அம்மா, காலையில நான் சொன்னது பிழை, இதுதான் எங்கட ஆறு, வாங்கோ” என்று சொல்ல எல்லாமே இருந்தது. வேகத்தைக் குறைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அம்மா பிளாஸ்க்கை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. பாலம் முடிந்துவிட்டது.

இரவு பத்து மணிக்கு வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது அம்மா என் தலையில் கை வைத்து, “நல்லா இருப்பாய் மகன்” என்றார். அதுவரைக்கும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிட்டவர். மருமகன் பேசினதுக்கு மேலாக ஐயாயிரம் ரூபாய் தந்தார். நான் வாங்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமை மகள் ஒரு படம் அனுப்பியிருந்தார். வெருகல் கோயிலடியில், படித்துறையில் நின்று அம்மா ஆற்றுக்குள் பிளாஸ்க்கைக் கவிழ்க்கிறார். தெற்கே போக வேண்டிய தண்ணீர். அந்தப் படத்தை அழிக்கவும் மனமில்லை, திறந்து பார்க்கவும் மனமில்லை.

போன கிழமை அம்மாவே போன் எடுத்தார். மட்டக்களப்பில் இருக்கிற தங்கச்சியாரிடம் கதை சொல்லியிருக்கிறார். “அவளையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போகவேணும் மகன். அந்தப் பாலத்தடியை அவளுக்கும் காட்டவேணும். தைப்பொங்கல் முடியட்டும், நீதான் வரவேணும்.”

நான் வரைபடத்தை விரித்து, ஆக்ரா ஓயா ரோட்டுக்குப் பக்கத்தில் வருகிற இடங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வயது போன இரண்டு பேர் இறங்கித் தண்ணீரைத் தொடக்கூடிய இடமாக இருக்க வேண்டும். அப்படியொன்று கிடைத்தாலும், ஏன் இந்த முறை வேறு இடம் என்று அம்மா கேட்பார்.

திகதி பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.