முழு அதிகாரத்தையும் வாசி: ஒரு புத்தாண்டு நாட்குறிப்பு

டிசம்பர் 31, 2024, செவ்வாய்

மாலையிலேயே கோவில் ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு ஆண்டிறுதி ஆராதனை. வள்ளியூரைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில், வருஷம் முழுவதும் கோவில் பக்கம் வராதவர்கள்கூட இந்த இரவைத் தவறவிடுவதில்லை. சென்னையிலும் மும்பையிலும் வேலை பார்க்கிறவர்கள் கிறிஸ்மஸுக்கு வந்தால் இதற்காகவே விடுப்பை நீட்டிக்கொள்வார்கள்.

அப்பா இந்த முறை வரப்போவதில்லை. சபை ஊழியரான உபதேசியாராக ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர். ஓய்வுபெற்ற பின்னும் ஆண்டிறுதி ஜெபத்தை முழங்காலில் நின்று அவர்தான் நடத்துவார். ஐப்பசி மழை நாட்களில் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சு குழறுகிறது, அறிவு முழுத் தெளிவோடு இருக்கிறது. அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தம்பி சென்னையில் இருக்கிறான். பள்ளிக்கூட வேலையும் அப்பாவும் என் கையில்.

புத்தாண்டு இரவில் கோவிலில் தட்டிலிருந்து ஆளுக்கொன்றாக எடுக்கிற வசன அட்டைதான் வாக்குத்தத்த அட்டை. இந்த வருஷத்து அட்டை என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." தங்க நிற எழுத்து, ஓரத்தில் ரோஜாப்பூ. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த இரவுகளில் இந்த வசனத்தை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்று மத்தியானம் அப்பா தூங்கும்போது 28, 29 இரண்டு அதிகாரங்களையும் வாசித்தேன்.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று போட்டிருக்கிறது. கடிதத்தை வாசித்துக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்தத் திரும்பிவருதலைக் காணாமலேயே பாபிலோன் மண்ணில் அடக்கமாகியிருப்பார்கள். அவர்களுக்குத்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்று ஆண்டவர் சொல்லியனுப்புகிறார்.

இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன தீர்க்கதரிசி ஒருவனும் இருந்தான். 28ஆம் அதிகாரத்தில் வருகிற அனனியா. ஆலயத்தில், ஆசாரியர்கள் முன்பாக, எல்லா ஜனமும் கேட்கும்படி சொன்னான். அந்தக் கூட்டத்தில் நான் இருந்திருந்தால் அனனியாவுக்குத்தான் ஆமென் சொல்லியிருப்பேன். யார்தான் சொல்லமாட்டார்கள்? ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணை அப்பாவிடம் உட்கார வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஜனவரி 1, 2025, புதன்

விடியற்காலை மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். சாட்சி சொல்கிற நேரத்தில் பலர் எழுந்தார்கள். வீடு கட்டியவர், வெளிநாட்டு வேலை கிடைத்தவர், பேறுகாலம் நல்லபடியாக முடிந்தவள். எல்லாவற்றிலும் எனக்குச் சந்தோஷமே. மகனை விபத்தில் இழந்த தாய் ஒருவர் எழுந்து, "இந்த வருஷம் ஆண்டவர் என்னை விடவில்லை" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

பன்னிரண்டு அடிக்கும்போது எல்லாரும் முழங்காலில். பிறகு மணி, அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்து, அட்டைத் தட்டு. அப்பாவுக்காகவும் ஒன்று எடுத்தேன்.

அட்டை எடுப்பதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். வேத வசனத்தை இப்படி நாளுக்கென்றும் ஆண்டுக்கென்றும் பெற்றுக்கொள்வதற்கு நெடிய வரலாறு இருக்கிறது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹட் என்ற ஊரில், விசுவாசத்துக்காகத் தாய்நாட்டை விட்டு ஓடிவந்த மொராவியக் குடும்பங்கள் குடியேறியிருந்தன. 1728இல் அவர்களுடைய தலைவரான சின்சென்டார்ஃப் பிரபு மறுநாளுக்கென்று ஒரு வாக்கியம் கொடுத்தார்; அது வீடு வீடாகச் சொல்லப்பட்டது. 1731 முதல் அது புத்தகமாகவே அச்சாகிறது. பழைய ஏற்பாட்டு வசனங்களை இன்றும் சீட்டு எடுத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அந்த அகதிகளுக்கு வசனம் அன்றாடக் கட்டளை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடிமைகளிடமும் பனிநாடுகளிலும் ஊழியம் செய்யப் போனார்கள். நம்மிடம் அது வருஷத்துக்கான ஒரு முன்னறிவிப்பாக மாறிவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

காலையில் அப்பாவிடம் அட்டையைக் காட்டினேன். சங்கீதம் 31:15. "என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது." அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு குழறலோடு, "அதிகாரம் முழுவதும் வாசி" என்றார். உபதேசியாராக இருந்த காலமெல்லாம் அட்டையோடு ஓடிவருகிற எல்லாரிடமும் அவர் சொன்ன சொல் அது.

வாசித்தேன். துக்கத்தால் கண் கருகிப்போனவன், பெலன் குறைந்து எலும்புகள் உலர்ந்தவன், செத்தவனைப்போல மறக்கப்பட்டவன் பாடுகிற சங்கீதம். உடைந்த பாத்திரத்தைப்போலானேன் என்கிறான். அதற்கு அடுத்துதான் 'நானோ, கர்த்தாவே, உம்மை நம்பியிருக்கிறேன்' என்பது வருகிறது, அதன் பிறகே காலங்களைப் பற்றிய இந்த வசனம். ஐந்தாம் வசனத்துக்கு வந்தபோது அப்பா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்." சிலுவையில் ஆண்டவர் சொன்ன கடைசி வார்த்தை இந்தச் சங்கீதத்திலிருந்துதான் வந்தது. நம் காலங்கள் எந்தக் கரத்தில் இருக்கின்றனவோ, அந்தக் கரத்திடம் நம் இரட்சகர் மரண நேரத்தில் தம்மையே ஒப்புவித்திருக்கிறார். இதைவிட உறுதியான ஒன்றை எனக்கு எந்த அட்டையும் தர முடியாது.

ஜனவரி 5, ஞாயிறு

ஆண்டின் முதல் ஞாயிறு, உடன்படிக்கை ஆராதனை. மெதடிஸ்டுகள் வழியாக நம் திருச்சபைக்கு வந்த ஆராதனை இது. 1755 ஆகஸ்டில் லண்டனில் ஜான் வெஸ்லி இதை முதன்முதலாக நடத்தினார். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால் வாழ்ந்த பியூரிட்டன் என்ற ஆங்கிலேயச் சீர்திருத்தப் பிரிவின் போதகர் ஒருவருடைய வார்த்தைகளைப் பயன்படுத்திக்கொண்டார். பிறகுதான் அது புத்தாண்டோடு சேர்ந்தது. 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இப்படிப்பட்ட நல்ல சொத்துகளும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

அட்டை எடுக்கும்போது ஆண்டவர் நமக்கு என்ன தருவார் என்று பார்க்கிறோம். இந்த ஆராதனையில் நாம் அவருக்கு என்ன தருகிறோம் என்று சொல்கிறோம். நான் இனி என்னுடையவள் அல்ல, உம்முடையவள். உமக்கு விருப்பமான வேலையில் என்னை வையும், விருப்பமானவர்களோடு என்னைச் சேரும். உழைக்கவும் பாடுபடவும் என்னை அழையும். உமக்காக நான் பயன்படுத்தப்பட்டாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைக்கப்பட்டாலும் சரி. ஏறக்குறைய இதுதான் அந்த ஜெபம்.

ஒதுக்கி வைக்கப்பட்டாலும் சரி என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அப்பா இந்த ஜெபத்தை எத்தனையோ ஆண்டுகள் சபைக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறார். இப்போது அதற்குள்ளேயே படுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து யோவான் 21 வாசித்தேன். சீஷனாவது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வலைகளை விட்டுவிட்டு எழுந்து போகிற பேதுரு. வாலிபன், பலசாலி. ஆனால் கடைசி அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த ஆண்டவர் அதே பேதுருவிடம் முதுமையைப் பற்றிப் பேசுகிறார். முதிர்வயதில் நீ கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டி, உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான். பேதுரு எந்த விதமாக மரித்து தேவனை மகிமைப்படுத்துவான் என்பதற்காக இதைச் சொன்னார் என்று யோவான் எழுதுகிறார். சொல்லி முடித்த உடனே, என்னைப் பின்பற்றி வா என்கிறார்.

தினமும் காலையில் அப்பாவின் வேட்டியை நான்தான் கட்டிவிடுகிறேன். அவர் இடது கையை நீட்டுவார். அவர் எழுந்து நடக்க முடியாதவர் என்பதால் பின்பற்றுதலை முடித்துவிட்டவர் அல்ல என்பதை அந்த அதிகாரம் எனக்குச் சொன்னது. தம்பிக்குப் போன் செய்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவன் அழுதான்.

ஜனவரி 9, வியாழன்

பள்ளி, சமையல், பிசியோதெரபி. இரவில் வேதம் வாசிக்க உட்கார்ந்து இரண்டு வசனத்தில் கண் சொருகிவிட்டது. வார நாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிறன்று ஐந்து என்று வாசித்தால் வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களும் ஒரு வருஷத்தில் முடியும் என்று ஞாயிறுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த வருஷம் அது என்னால் முடியாது. சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு வா என்றவர் என் அனுதினம் எப்படிப்பட்டது என்று அறிவார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அடுத்த வீட்டு அக்கா வடக்கன்குளத்தில் பிறந்தவர், கத்தோலிக்கர். ஆண்டுதோறும் இந்த நாளில் ஆரல்வாய்மொழிக்குப் போவார். இந்த முறை அவரோடு நானும் போனேன். ஒரு நாள் என்னோடு இருக்க வந்த தம்பி அப்பாவைப் பார்த்துக்கொண்டான்.

காற்றாடிமலை. 1752 ஜனவரி 14 அன்று இரவில் தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்ற இடம். நட்டாலத்தில் 1712இல் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலர். குளச்சல் போரில் 1741இல் தோற்றுப் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாய் இவருக்கு நண்பரானார். தொடர்ந்து வந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த நீலகண்டனுக்கு அவர் எடுத்துச் சொன்னது யோபுவின் சரித்திரம். அந்தத் தேர்வை நினைத்து நினைத்து வியக்கிறேன். கிறிஸ்துவிடம் வந்தால் இழந்ததெல்லாம் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று அந்தச் சிப்பாய் ஆசை காட்டியிருந்தால், எருமைமேல் பின்பக்கமாக உட்கார வைத்து ஊர் ஊராக அடித்து இழுத்துப் போனபோது தேவசகாயம் எதைப் பிடித்துக்கொண்டிருப்பார்? "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்" என்ற யோபுவின் சொல்லைக் கேட்டு உள்ளே வந்தவர், கொல்லப்படும்வரை நின்றார்.

1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1749இல் கைது. இடையில் நான்கு ஆண்டுகள்கூட முழுதாக இல்லை. 2022 மே 15 அன்று ரோமாபுரியில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது அக்கா வீட்டில் எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் கைகூப்பி நின்றது நினைவிருக்கிறது. புனிதர்களிடம் வேண்டுதல் செய்வது எங்கள் சபை வழக்கம் அல்ல. ஆனால் அந்தப் பாறைகளுக்கு நடுவில், இவர் பின்பற்றிய அதே கிறிஸ்துவை நானும் பின்பற்றட்டும் என்று ஜெபித்தேன். அக்கா அவர் வழக்கப்படி ஜெபித்தார். பலத்த காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை.

ஜனவரி 18, சனி

ஏமி கார்மைக்கேல் அம்மா மரித்த நாள். டோனாவூர் எங்களுக்குத் தூரமில்லை. அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1901 முதல் டோனாவூரிலேயே தங்கி, இந்துக் கோவில்களுக்குத் தேவதாசிகளாக விடப்பட இருந்த பெண்குழந்தைகளுக்குத் தாயானார். 1931இல் விழுந்து அடிபட்டார். அதன் பிறகு 1951 ஜனவரி 18 வரை பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலும்தான். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றார்; பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து 'அம்மா' என்று பொறித்தார்கள்.

சபையிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்த ஒருவர் இன்று இவரைத்தான் சொன்னார். அம்மையார் படுக்கையில் இருந்துகொண்டே எத்தனை புத்தகங்கள் எழுதினார், உபதேசியார் ஐயாவும் ஏதாவது செய்யலாமே என்று. அன்போடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. எழுதக் கை இருந்தது, எழுதினார். அப்பாவுக்கு அந்தக் கையே இல்லை. படுக்கையில் இருப்பவர் எதையாவது உண்டாக்கினால்தான் அவருடைய நாட்களுக்கு மதிப்பு என்று சொல்லத் தொடங்கினால், நினைவு மறந்தவர்களையும் பேச்சு இழந்தவர்களையும் எங்கே வைப்போம்? ஆண்டவர் சிலுவையில் ஆணியடிக்கப்பட்டிருந்த நேரங்களில் நடக்கவில்லை, கைநீட்டி யாரையும் தொடவில்லை. நம் இரட்சிப்பு அப்போதுதான் உண்டானது. வந்தவரிடம் இதை மெதுவாகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "நீ சொல்வது சரிதான் அம்மா" என்றார். போகும்போது அப்பாவின் தலையில் கைவைத்து ஜெபித்தார்.

ஜனவரி 26, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகர் ஐயர் எங்கள் வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுவந்தார். இதுவரை இப்படிப் போகும்போது அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவர் அப்பா. எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள், யாருக்கு அப்பத்தை நனைத்துக் கொடுக்க வேண்டும், யாருக்குக் காது கேட்காது என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கிறது. இன்று அவருக்கும் நனைத்துக் கொடுத்தார்கள். இடது கையை நீட்டி வாங்கினார்.

பிறகு அந்த நோட்டை எடுத்து ஐயரிடம் கொடுக்கச் சொன்னார். ஐயர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, இனி என்னோடு யார் வருவார்கள் என்று கேட்டார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பள்ளி விடுமுறை, அன்றைக்கு நான் வருகிறேன் என்று சொன்னேன். அந்த நேரத்தில் அப்பாவோடு அடுத்த வீட்டு அக்கா இருப்பதாக ஒத்துக்கொண்டார்.

பிப்ரவரி 8 அன்று தெற்குத் தெருவில் மூன்று வீடுகள். முதல் வீட்டுப் பாட்டிக்குப் பார்வை இல்லை; சங்கீதம் முழுவதும் வாசித்தால்தான் விடுவாராம். அப்பா அதை நோட்டில் எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறார்.