தண்ணீர்மலை வழியில் இரண்டு மேளம்

பினாங்கில் தைப்பூசத்துக்கு முதல் நாளைச் செட்டிப் பூசம் என்பார்கள். அன்று விடிவதற்குள் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில்வீட்டிலிருந்து நகரத்தார் செட்டியார்களின் வெள்ளி ரதம் கிளம்பிவிடும். 1894ல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ரதம். கூடவே நாதஸ்வரம், தவில், மயிற்பீலிக் காவடிகள். வழியெங்கும் தேங்காய் மலைகள், அதில் நிறைய சீனர்கள் வாங்கிக் குவித்தவை. ரதம் நெருங்கியதும் அவர்கள் உடைக்கிற வேகத்தில் ஓட்டுச் சில்லு முழங்கால் வரை தெறிக்கும். சாலையைச் சுத்தம் செய்ய மண்வாரி இயந்திரமே வர வேண்டியிருக்கிறது.

இந்த முறை ரதத்தையும் பார்த்தேன், மறுநாள் அக்கா மகனின் அலகுக் காவடியோடும் நடந்தேன். முதல் நாள் கேட்ட மேளம் வேறு, மறுநாள் கேட்டது வேறு. நாதஸ்வரம் ரதத்துக்காக வாசிக்கப்படுகிறது. சுவாமி உலா வருகிறார், ராகம் முன்னே போகிறது, நாம் கும்பிடுகிறோம். உறுமி மேளம் காவடி எடுப்பவனுக்காக. அவனை நடக்க வைப்பதுதான் அதன் வேலை.

வட்டித் தொழிலுக்கு வந்த நகரத்தார் தங்கள் முருகனையும் நாதஸ்வரத்தையும் கூட்டி வந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குத் தப்பு மேளத்தையும் உறுமியையும் கொண்டு வந்தார்கள். எங்கள் குடும்பம் இரண்டாவது வகை, கெடாவில் ஒரு தோட்டம். இந்தத் தோல் கருவிகளை வாசிப்பவரைக் கோவிலுக்கு வெளியே நிறுத்திய ஊர்களிலிருந்துதான் நம் தாத்தாக்கள் கப்பல் ஏறினார்கள். அதே உறுமி இன்று தண்ணீர்மலை முருகன் கோவில் படி வரைக்கும் போகிறது. வாசிக்கிற பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை.

ஆனாலும் உறுமிக் குழு என்றால் முகம் சுளிக்கிறவர்கள் நம்மிலேயே நிறைய. "அடிதடிப் பசங்க", "சினிமா மெட்டைப் போட்டுச் சாமியைக் கெடுக்கிறானுங்க" என்பார்கள். பக்திப் பாடல் மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். புகாரில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சனி ஞாயிறு மாலையில் பத்துப் பதினைந்து பையன்களை ஒரே இடத்தில் உட்கார வைத்து, ஒருவன் கையைப் பார்த்து இன்னொருவன் வாசிக்கப் பழக்குகிற வேறு என்ன இருக்கிறது நம்மிடம்? தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. நம் குழுவில் தாளம் போட்ட பிள்ளைகளில் இருவர் பெண்கள். மாலை போட்டு, விரதமும் இருந்தவர்கள்.

லோரோங் கூலிட் பக்கம் அதிகாலையில் காவடி கட்டினோம். அலகு குத்தும்போது உறுமி மெதுவாகத்தான் ஆரம்பிக்கும். இடுப்பு சிறுத்த உடுக்கை மாதிரிதான் கருவி, ஆனால் பெரியது. ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள், மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க அடிவயிற்றிலிருந்து கிளம்புகிற மாதிரி ஒரு முனகல் வரும். பூம்பூம் மாட்டுக்காரரைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். கன்னத்தில் வேல் இறங்கிய நொடியில் முனகல் நீண்டு, சட்டென்று அடி வேகம் பிடித்தது. "வேல் வேல்!" என்று எல்லாரும் கத்த, பையன் கண் செருகி ஆட ஆரம்பித்துவிட்டான். அக்கா ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். போன வருடம் அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது வைத்த வேண்டுதல் இது.

தலைமை உறுமிக்காரருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வழி முழுக்க அவர் பையனின் முகத்தைப் பார்க்கவே இல்லை, பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார். கால் இழுபட்டால் அடி மெதுவாகும். முட்டி நடுங்கினால் நிறுத்தச் சொல்லிக் கை காட்டுவார், நாங்கள் ஸ்டூலைக் கொண்டு ஓடுவோம்.

தண்ணீர்ப் பந்தல்களைப் பற்றி ஒரு வார்த்தை. மோரும் பானகமும் பொட்டலச் சோறும் கொடுப்பது பெரிய புண்ணியம், மறுக்கவில்லை. ஆனால் ஆள் உயர ஸ்பீக்கர்களை அடுக்கி நெஞ்சு அதிர வைப்பது எதற்கு? அப்படி ஒரு பந்தலைக் கடக்கும்போது எங்கள் மேளம் எங்களுக்கே கேட்கவில்லை. பையனின் ஆட்டம் நின்றது. கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தான். அதுவரை இல்லாத பாரம் அப்போதுதான் தோளில் இறங்கியது போல காவடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாயில் அலகு, பேச முடியாது, கண்ணில் தண்ணீர். "தம்பி, இங்க கேளு, இத மட்டும் கேளு" என்று உறுமிக்காரர் கருவியை அவன் காதோடு ஒட்டி வைத்துத் தேய்த்தார். மற்றவர்கள் நெருங்கி வட்டம் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பாதம் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. தைப்பூசத்தில் சாமி எப்படி வருகிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் விளக்கம் கிடையாது. எது போனால் பாரம் தெரிய ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் அன்று பார்த்தேன்.

மலைக்கோவிலுக்கு 513 படி. 2012ல் திறந்த கோவில். படியில் உறுமிக்காரர் பாட்டை விட்டுவிட்டார். ஒரு படிக்கு ஓர் அடி, அவ்வளவுதான். அருணகிரிநாதர் திருப்புகழைச் சந்தத்திலேயே கட்டியவர். அதைப் பாடிக்கொண்டே ஏறிய ஒரு பெரியவரின் மூச்சும் எங்கள் அடியும் பாதி வழியில் ஒன்றாகிவிட்டன. அவர் நின்றால் நாங்களும் நின்றோம். மேலே பாலாபிஷேகம், அலகு எடுத்தல், விபூதி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நெரிசலில் தரிசனம் அரை நிமிடம்கூடக் கிடைக்கவில்லை, சரி, முருகன் பார்த்திருப்பார்.

இறங்கி வந்து செட்டியார் கோவிலில் சாப்பிட உட்கார்ந்தோம். உள்ளே நாதஸ்வரக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. உறுமிப் பையன்கள் இலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்கள். அப்போதுதான் கவனித்தேன், தவில் இரண்டு மேளத்திலும் இருக்கிறது. நம் பையன் தோளில் மாட்டி நடந்துகொண்டே வாசிக்கிறான், வித்வான் உட்கார்ந்து வாசிக்கிறார். அவர் முடிக்கிற இடத்தை இவர்கள் தொடையில் போட்டுப் பார்த்துத் தப்பாக எண்ணி, சண்டையே போட்டார்கள்.

வித்வான் ஓய்வெடுக்க எழுந்ததும் எங்கள் தவில்காரன் மெல்லப் பக்கத்தில் போனான். அவன் விரல் முழுக்க பிளாஸ்திரி.

"அண்ணே, விரல்ல மாட்டியிருக்கீங்களே இந்தக் கூடு, எங்க வாங்குறது?"

"வாங்குறதா? நாமளே செஞ்சுக்கிறதுதான் தம்பி. துணியைப் பசை மாவுல நனைச்சு விரல்ல சுத்தணும். நல்லாக் காயணும். உன் விரல் அளவுக்கு உன்கிட்டத்தான் இருக்கும், கடையில எப்படிக் கிடைக்கும்?" என்றவர், அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதல்ல இந்தப் புண்ணு ஆறட்டும், அப்புறம் சாயங்காலமா வா" என்றார். பையனுக்கு அன்று ராத்திரி பட்டர்வொர்த்தில் இன்னொரு குடும்பத்தின் பால்குடத்துக்கு வாசிக்க வேண்டியிருந்தது. "நாளைக்கு வரலாமாண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.