நியமனம் ஓர் ஊரில், சேர்க்கை வேறோர் ஊரில்

வாஷிங்டன் போய் வந்த அலுப்பு இன்னும் தீரவில்லை. ஸ்டீபன் ஸ்வெய்ல்ஸின் நியமன ஆணையைத் தேடித்தான் போனேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 54ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவில் சார்ஜன்ட்டாக இருந்து லெப்டினன்ட் ஆன கறுப்பினத்தவர் அவர். 1864 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஓலஸ்டீ சண்டையில் காயம்பட்டவர்.

புறப்படும் முன்பே அங்குள்ள ஓர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டேன். "அதிகாரிகளின் நியமனத் தாள்கள் இங்கே உள்ளன" என்று ஒரு வரியில் பதில் வந்தது. பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. 1863 மே மாதத்துக்குப் பின் மத்திய அரசே திரட்டிய கறுப்பினப் படைகளுக்கு அதிகாரிகளை வாஷிங்டன் நியமித்தது. மாநிலங்கள் திரட்டிய தன்னார்வப் படைகளுக்கோ, 1861 ஜூலைச் சட்டப்படி, ஆணை கொடுத்தவர் அந்தந்த மாநில ஆளுநர். 54ஆவது பிரிவு மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ திரட்டியது. அந்த ஒரு வாக்கியத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு டிக்கெட் செலவு மிஞ்சியிருக்கும்.

வாசகர் அட்டை, பை ஒப்படைப்பு, பென்சில் மட்டும் என்ற விதி எல்லாம் வழக்கம்போல் முடிந்தன. ஸ்வெய்ல்ஸின் படைப் பணி ஆவணங்களுக்குக் கோரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். சீட்டு அப்படியே திரும்பி வந்தது. படச்சுருளாக (மைக்ரோஃபிலிம்) எடுத்துவிட்டதால் அசலைத் தர மாட்டார்களாம். இதை வாங்கும்போதே சொல்லக் கூடாதா? சுருள் எங்கே என்று கேட்டதற்கு, "பட்டியலைப் பாருங்கள்" என்றார் எழுத்தர், தலையை நிமிர்த்தாமலே. மாசசூசெட்ஸ் வரிசையை இருமுறை துழாவினேன். இல்லை. பக்கத்து மேசையில் இருந்த வயதான அம்மையார்தான், "கறுப்பினப் படைகளின் வரிசையில் பாருங்கள்" என்றார். பெயரில் மாசசூசெட்ஸ் இருந்தாலும் சுருள் அங்கேதான் இருந்தது. அவருக்குக் கோடி நன்றி.

பழைய வருகைப் பட்டியல்களிலிருந்து பிற்கால எழுத்தர்கள் பெயர்த்தெழுதிய சிறு அட்டைகள் திரையில் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஆளுநர் ஆணையிட்டது 1864 மார்ச் என்று படித்திருந்தேன். லெப்டினன்ட்டாகச் சேர்த்துக்கொண்ட அட்டையிலோ 1865 ஜனவரி! வேறு ஆள் போலும் என்று முதல் அட்டையிலிருந்து மறுபடி பார்த்தேன். அவரேதான்.

ஆளுநரின் ஆணை மட்டும் போதாது. மத்திய அரசு முறைப்படி படையில் சேர்த்துக்கொண்டால்தான் பதவியும் சம்பளமும். அதற்கு முதலில் சார்ஜன்ட் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும். ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்பதால் போர்த் துறை விடுவிக்க மறுத்தது. படைப்பிரிவின் தலைவர் கர்னல் எட்வர்ட் ஹாலோவெல் மேலிடத்தில் விடாமல் வாதாடினார். அதற்குள் பத்து மாதம் போய்விட்டது. கையில் ஆணை இருந்தும் அவர் சார்ஜன்ட்டாகவே நின்ற பத்து மாதம். அன்று முழுக்க எனக்கிருந்த எரிச்சல் அந்த அட்டையின் முன்னால் அடங்கிவிட்டது. கோபம் வேறு பக்கம் திரும்பியது.

தேடப் போகிறவர்கள் நியமன நாளையும் சேர்க்கை நாளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். முன்னதற்கு மாநிலத் தலைநகர், பின்னதற்கு வாஷிங்டன். எழுதிக் கேட்கும்போது படைப்பிரிவின் எண்ணையும் அதைத் திரட்டியது யார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். நான் அடுத்த மாதம் பாஸ்டன் போகிறேன்.